இருநூற்றுப் பதினான்கு 'ம்'

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் கேட்டது கதையே இல்லை. ஒரு பத்திரிகை ஆசிரியர் போனில் கூப்பிட்டு, "உங்களுக்குப் பிடிச்ச பாட்காஸ்ட் பத்து சொல்லுங்க. ஒவ்வொண்ணுக்கும் மூணு வரி. படிக்கிறவங்க உடனே போய்க் கேக்கணும்" என்றார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சரி என்றுவிட்டேன். போனை வைத்த பிறகுதான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நான் விடாமல் கேட்கிறது ஒன்றே ஒன்று. மற்ற ஒன்பதையும் கேட்டதாகப் பாவனை பண்ணலாம். பட்டியல் போடுகிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் பண்ணுகிறார்கள். (நீங்கள் இல்லை. தெரியும்.)

அந்த ஒன்றைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது வரியில் ஒருத்தி வந்து நின்றுகொண்டு நகர மாட்டேன் என்று முரண்டு பிடித்தாள். அவள் நிஜமா, அந்தப் பாட்காஸ்ட் நிஜமா என்று கேட்காதீர்கள். தேடிப் பார்த்துவிட்டுக் கிடைக்கவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். இது கதை.

ஒரு நிபந்தனை. நடுநடுவே காலி அடைப்புக்குறி வரும். இப்படி: (        ). அச்சுப்பிழை இல்லை. அந்த இடத்தில் நீங்கள் உம் கொட்ட வேண்டும். வாய்விட்டு. பக்கத்தில் ஆள் இருந்தாலும் பரவாயில்லை. எங்கே, ஒரு தடவை?

(        )

சரி, சொல்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "குரல்களின் கடலில் அவள் தன்னந்தனியாக ஒரு—" வேண்டாம். எனக்கு நீச்சல் தெரியாது.

இரண்டாவது: "அன்று காலை அலுவலகத்துக்குள் நுழைந்தபோது அவளுக்குத் தெரியாது, வியாழக்கிழமைக்குள் தன் வாழ்க்கை—" தெரியாதுதான். யாருக்குத்தான் தெரியும்?

மூன்றாவது, இதுவே இருக்கட்டும்: அலுவலகத்தில் அவளுக்கு வெட்டுக்காரி என்று பெயர்.

பிறத்தியார் பேசி அனுப்புகிற ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்வது அவள் வேலை. இருமல், நாற்காலிக் கிறீச், எச்சில் விழுங்கும் சத்தம், "அதாவது", "வந்து", "என்ன சொல்றதுன்னா" எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டால், தடுமாறிப் பேசினவர்கூட மேடை கண்டவர் மாதிரி ஆகிவிடுவார். சுவரெல்லாம் சாம்பல் நிற ஸ்பாஞ்சு ஒட்டின, ஜன்னல் இல்லாத அறை. ஹெட்ஃபோனின் இடது பக்கத் தோல் உரிந்துபோய், அதற்கு அவளே டேப் சுற்றியிருந்தாள். காலையில் காதில் மாட்டினால் சாப்பாட்டுக்குத்தான் கழற்றுவாள்.

தற்காலிக வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வார்கள், அல்லது கைகழுவி விடுவார்கள். இதற்கு முன் மூன்று இடங்களில் கைகழுவப்பட்டவள் அவள். இங்கே ஆறாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

(        )

3

அந்த நிறுவனம் வருடத்துக்கு ஒரு முறை 'கேட்டே ஆக வேண்டிய பத்து' என்று ஒரு பட்டியல் போடும். அதில் ஏறினால் ஊரே கேட்கும். ஏறாவிட்டால் அறுபது பேர், அதில் பாதி சொந்தக்காரர்கள். அங்கே வேலை பார்க்கிற ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒன்றைப் பரிந்துரைக்க வேண்டும். வெட்டுக்காரி எழுதிக் கொடுத்தது 'பாக்கெட்டில் இருந்தது' என்ற பாட்காஸ்ட்.

ஒரு சலவைக்கடையை அண்ணியும் நாத்தனாரும் நடத்துகிறார்கள். இஸ்திரி மேசை மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, ஆளுக்கு இரண்டு மூலையாகப் படுக்கை விரிப்பைப் பிடித்து மடித்தபடி, அந்த வாரம் துணிகளின் பாக்கெட்டில் என்ன கிடைத்தது என்று பேசுவார்கள். ஒரு பால்பல். எந்தப் பூட்டுக்கென்று தெரியாத சாவி. 'பால், பேட்டரி, மன்னிப்பு' என்று எழுதின கடைச் சீட்டு. எதுவானாலும் ஒரு சின்னக் கவரில் போட்டு, துணியோடு ஊசி குத்தித் திருப்பிக் கொடுத்துவிடுவது கடை வழக்கம். (அண்ணியின் கணவர், அதாவது நாத்தனாரின் அண்ணன், எந்த எபிசோடிலும் வருவதில்லை. வந்திருந்தாலும் பேச இடம் கிடைத்திருக்காது.)

பேசுவது அண்ணி மட்டும்தான். வெளுத்து வாங்குவாள். நாத்தனார் சொல்வது ஒன்றே ஒன்று: "ம்."

வெட்டுக்காரியைப் பிடித்து உட்கார வைத்தது பன்னிரண்டாம் எபிசோடு. ஒருவர் வாராவாரம் ஒரே கோட்டைச் சலவைக்குப் போடுகிறார். உள்பாக்கெட்டில் நாலாக மடித்த கடிதம். படிக்கக் கூடாதுதான், அண்ணி படித்துவிட்டாள். வேலையை விடுகிறேன் என்று மேலதிகாரிக்கு எழுதின கடிதம். பத்து வாரம் அதை எடுத்து வைத்து, கோட்டை வெளுத்து, பழையபடி திருப்பி வைத்து அனுப்பினார்கள். பதினோராவது வாரம் பாக்கெட் காலி.

"குடுத்துட்டாரா, கிழிச்சுப் போட்டுட்டாரா? நீ என்ன சொல்றே?" என்கிறாள் அண்ணி.

"ம்."

"அதான் நானும் நினைச்சேன்."

அவ்வளவுதான் எபிசோடு. வெட்டுக்காரி வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே இதைப் போட்டிருந்தாள். பக்கத்தில் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தவர் அவள் வீட்டுக்காரர்.

"பாத்தியா, குடுத்துட்டாராம்" என்றார்.

"எங்கே சொன்னாங்க? கிழிச்சுட்டார்னு இல்ல சொல்றாங்க?"

"காது கேக்குதா உனக்கு? நாள் பூரா அந்த மிஷினை மாட்டிக்கிட்டு அடைச்சுப் போச்சு."

"நாள் பூரா கேக்கறவளுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சாக்கும்!"

பதினொரு தடவை திருப்பிப் போட்டுக் கேட்டார்கள். தீரவில்லை. மறுநாள் பரிந்துரைப் படிவத்தில் 'ஏன் கேட்க வேண்டும்?' என்ற கட்டத்தில் அவள் எழுதினது: 'எங்கள் வீட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை.'

(        )

4

மேனேஜர் கெட்டவர் இல்லை. கெட்டவராக்கினால் கதை சுலபமாக முடிந்துவிடும். அந்தச் சலுகையை அவருக்கும் தர மாட்டேன், எனக்கும் தர மாட்டேன். அவர் அவசரக்காரர், அவ்வளவுதான். எதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பவர்.

"நல்ல தேர்வும்மா. லிஸ்ட்ல மூணாவது இடம் தரேன். மாதிரிக்கு அந்தப் பன்னிரண்டாம் எபிசோடை நாமளே ஏத்தறோம். ஒரே ஒரு திருத்தம். அந்த ரெண்டாவது பொம்பளையை எடுத்துடுங்க."

"யாரை சார்?"

"ம், ம்னு ஒருத்தங்க தூங்கி வழியறாங்களே, அவங்களை. ஒரு வார்த்தை பேசல. எண்ணிப் பாத்தேன், இருநூத்துச் சொச்சம் 'ம்'. எடுத்துட்டா முப்பத்தொண்ணு நிமிஷம் இருபத்தாறுல முடியும். கேக்கறவனுக்குப் பொறுமை கிடையாதும்மா."

"அவங்க தூங்கல சார். கேக்கறாங்க."

"கேக்கத்தான் ஜனம் இருக்கே. உள்ள வேற ஒரு ஆள் எதுக்கு?" அவர் திரும்பிக் கணினியைப் பார்த்தபடி சொன்னார்: "வியாழக்கிழமை குடுத்துடுங்க. உங்க நிரந்தர விஷயமும் அன்னைக்குத்தான் பாக்கறேன்."

இரண்டையும் அவர் முடிச்சுப் போடவில்லை. போடாமலே அது இறுகிக்கொண்டது.

5

இங்கே கதையை நிறுத்துகிறேன். நாத்தனார் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

முதல் வரைவில் அவளுக்குத் திக்குவாய் கொடுத்திருந்தேன். 'ம்' ஒன்றுதான் தடங்கல் இல்லாமல் வரும் என்று எழுதிவிட்டு, நானே கைக்குட்டையைத் தேடினேன். இரண்டாவது வரைவில் தொண்டையில் அறுவை சிகிச்சை. பத்திரிகை ஆசிரியருக்கு அதுதான் பிடித்தது. "அப்பத்தான் சார் பாவமா இருக்கும்" என்றார்.

ஏன் பாவமாக இருக்க வேண்டும்? கேட்பதற்கு ஒருத்திக்கு நோய் வேண்டுமா? பேசுகிறவளிடம் "உங்களுக்கு என்ன உடம்புக்கு?" என்று யாராவது கேட்டதுண்டா? இரண்டு வரைவையும் கிழித்தேன். நாத்தனாருக்கு வாய் நன்றாகவே பேசும். சட்டைக்குக் கஞ்சி கூடிவிட்டது என்று சண்டைக்கு வருகிற வாடிக்கையாளரை ஒரே வாக்கியத்தில் வாசலுக்கு அனுப்புகிறவள். மடிக்கும்போது கேட்கப் பிடிக்கும், கேட்கிறாள். இதற்கு மேல் காரணம் தர முடியாது.

(        )

6

வெட்டினாள். ஆமாம், வெட்டினாள். கடைசி நொடியில் கை நடுங்கி நின்றுவிட்டது என்று எழுத ஆசைதான்; ஆனால் மூன்று வேலை போனவளுக்குக் கை அவ்வளவு சுலபமாக நடுங்காது.

புதன்கிழமை காலை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு 'ம்'மாக எடுத்தாள். வெட்டினதைக் குப்பையில் போட மனசு வராமல் ஒரு ஓரமாகத் தனி ஃபைலில் சேர்த்தாள். முடித்ததும் எண்ணிக்கை வந்தது. இருநூற்றுப் பதினான்கு. பிறகு சுத்தமான எபிசோடைப் போட்டுக் கேட்டாள்.

அண்ணி தனியாகப் பேசிக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திராமல், அடுத்த பேச்சுக்குத் தாவினாள். சிரிப்பு மூட்டிவிட்டு அவளே மௌனமானாள். இவ்வளவு கலகலப்பான மனுஷியைப் புத்தி பேதலித்தவளாக்க ஒரு காலை வேளை போதுமாக இருந்தது. வெட்டுக்காரிக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் போய்க் கோபம் வந்தது. கோபத்தோடு சலவைக்கடைக்குப் போன் போட்டாள்.

"லிஸ்ட்ல வந்துட்டமா?" அண்ணியின் குரலுக்குப் பின்னால் மிஷின் சுற்றும் சத்தம். "ஏய், நாம லிஸ்ட்ல வந்துட்டோமாம்!"

தூரத்தில், "ம்!" இருநூற்றுப் பதினான்கில் இல்லாத புது 'ம்'.

வெட்டுக்காரி விஷயத்தைச் சொன்னாள். அண்ணி மிஷினை நிறுத்தினாள். "அவ சொல்லலைன்னா எனக்கு அடுத்த வார்த்தை வராதும்மா" என்றாள். "அது கிடக்கட்டும், அவகிட்ட இதை நான் எப்படிச் சொல்லுவேன்? நீங்களே சொல்லுங்க."

போன் கை மாறியது. வெட்டுக்காரி மறுபடி சொன்னாள். மேனேஜர், இருபத்தாறு நிமிடம், வியாழக்கிழமை. எதிர்முனையில் ஒவ்வொன்றுக்கும் "ம்" வந்தது. அந்த 'ம்' வர வர, தன் வேலைக்கு இது ஆறாவது மாதம் என்பதையும் சொன்னாள், கேட்காததையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது மூச்சு இலேசாகியிருந்தது.

பிறகு நாத்தனார் பேசினாள். தடங்கல் இல்லாமல், நிதானமாக.

"பாக்கெட்ல இருந்ததை எல்லாம் திருப்பிக் குடுக்கறது எங்க கடை வழக்கம். உங்க கடையில எப்படி?"

7

இனி முடிவு. மூன்று கைவசம் இருக்கிறது.

ஒன்று: அவள் வெட்டாத எபிசோடையே ரகசியமாக ஏற்றிவிடுகிறாள், ஊர் கொண்டாடுகிறது. மன்னிக்கவும். ஊரை எனக்குத் தெரியும்.

இரண்டு: வெட்டுக்காரியின் பையிலும் நாலாக மடித்த ஒரு கடிதம் இருக்கிறது. அழகாகப் பொருந்தும். அவ்வளவு அழகாகப் பொருந்துவதாலேயே வேண்டாம்.

மூன்று: அவள் பேசாமல் வெட்டினதைக் கொடுத்துவிட்டு நிரந்தரமாகிறாள். நடக்கக்கூடியது இதுதான். அதற்காக நான் ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும்? அது என் உதவி இல்லாமலே தினமும் நடக்கிறது.

ஆகவே நான் போகிற தூரம் வரை சொல்கிறேன். வியாழக்கிழமை வெட்டுக்காரி மேனேஜர் அறைக்குப் போனாள். சுத்தம் செய்த எபிசோடின் கடைசிப் பகுதியைப் போட்டாள். அவர் கை வழக்கம் போல வேகத்தைக் கூட்டப் போனது. "இது மட்டும் அது வேகத்துலயே கேளுங்க சார்" என்றாள். கேட்டார்.

"குடுத்துட்டாரா, கிழிச்சுப் போட்டுட்டாரா? நீ என்ன சொல்றே? அதான் நானும் நினைச்சேன்."

மேனேஜர் நெற்றியைச் சுருக்கினார். "எது? என்ன நினைச்சாங்க?"

"அது அந்த 'ம்'ல இருந்தது சார். வெட்டியாச்சு."

"குடுத்துட்டாரா இல்லையா?"

"தெரியாது சார். நீங்கதான் எடுக்கச் சொன்னீங்க." அவள் இரண்டாவது ஃபைலைத் திறந்தாள். "மொத்தம் இருநூத்துப் பதினாலு, எல்லாம் இதுல இருக்கு. அததை எடுத்த இடத்துல திருப்பி வெச்சுத் தரேன். அப்படி வேணும்னா லிஸ்ட்ல போடுங்க. இல்லைன்னா என் பரிந்துரையை நான் வாபஸ் வாங்கிக்கறேன். என்னையும் சேத்து எடுத்துடறதுன்னா எடுத்துடுங்க. ஆனா வெட்டினதை என் பேர்ல அனுப்ப மாட்டேன்."

குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. அடுத்த அறைக்காரர் எட்டிப் பார்த்தார். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து, அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாயைத் திறக்காமலே சொன்னார்:

"ம்."

வெட்டுக்காரி விடவில்லை. "இதையும் வெட்டணுமா சார்?"

8

பத்திரிகை ஆசிரியர் இதைப் படித்துவிட்டு, அந்தக் காலி அடைப்புக்குறிகளை எடுத்துவிடச் சொல்கிறார். இடம் வீணாம். உள்ளே ஒன்றும் இல்லையாம். கூடவே, மேனேஜர் என்னதான் பதில் சொன்னார், வேலை இருந்ததா போனதா என்று ஒரு வரி சேர்க்க வேண்டுமாம்.

எடுக்க மாட்டேன். சேர்க்கவும் மாட்டேன். அந்த அடைப்புக்குறிகளில் நீங்கள் உம் கொட்டியிருந்தால் அவை காலியும் இல்லை. கொட்டாமல் தாண்டி வந்திருந்தால், இவ்வளவு நேரம் நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்?

வேலை கிடைத்ததா, போனதா? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(        )

அதான் நானும் நினைத்தேன்.