சுடாத கோப்பை

செராமிக் பாடம் எடுத்துப் படிக்கலாமா என்று மகள் கேட்டதற்கு, நேரில் பார்த்துச் சொல்வதாக அப்பா பள்ளியின் மண்பாண்டப் பட்டறைக்கே வந்துவிட்டார். அவர் பள்ளிக் கமிட்டித் தலைவர்; தெரியாத விஷயம் என்று அவருக்கு ஒன்றும் கிடையாது. அலமாரியில் காய்ந்துகொண்டிருந்த அவளுடைய கோப்பையை எடுத்து, டீயை ஊற்றிக்கொண்டு கலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

“அப்பா, அது இன்னும் சூளைக்கே போகலப்பா...”

அவர் பேச்சை நிறுத்தினால்தானே காதில் விழும்? கோப்பையின் அடி கரைந்து, சட்டையெல்லாம் சேறு.

“ஒரு டீக்கே தாங்கல, இதுக்கு ரெண்டு வருஷப் படிப்பா?”

மகள் பக்கத்தில் நின்ற செராமிக் ஆசிரியரைப் பார்த்தாள். சுடாத மண் கரையும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

“நீங்க சொன்னா சரிதான் சார்” என்று சிரித்தார் அவர்.

விண்ணப்பத்தில் செராமிக்கை அவளே அடித்துவிட்டு, வணிகவியல் என்று எழுதினாள்.

“பாத்தீங்களா, நான் வற்புறுத்தவே இல்ல” என்றார் அப்பா, சட்டையைத் துடைத்துக்கொண்டே.