பீலித் தண்ணீர் மேல் போட்ட பழி

தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் என் வேலை சட்டி கழுவுவது, புண் துடைப்பது, ஊசியைக் கொதிக்க வைப்பது. பத்து வருசம் டாக்டரையா பின்னால் தட்டை ஏந்தி நின்றதில், ஊசி போடுவதையும் கண்ணால் பார்த்தே கற்றுக்கொண்டேன். வினையே அதுதான்.

அறுபத்திரண்டாம் வருசம் மாயாண்டி கொழும்பிலிருந்து எங்கள் வட்டகொடைப் பக்கத்துக்குத் திரும்பி வந்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். உடம்பு வலிக்கென்று மோர்பின் ஊசி போட்டுப் பழகி, அது இல்லாமல் இருக்க முடியாதவனாகி இருந்தான். மருந்து அவனிடம் இருந்தது. குத்திக்கொள்ளத்தான் கை நடுங்கியது.

"நீங்க பாதி டாக்டருங்கண்ணே. ஒங்க கை பட்டா வலியே தெரியாது" என்றான்.

ஆஸ்பத்திரியில் எனக்குப் பெயர் "டேய் அழகுமுத்து". நாங்கள் குடியிருந்த வரிசை வீடான லயத்தில் ஒருவன் டாக்டர் என்றதும் தலைகால் புரியவில்லை. கழித்துப் போட்ட ஊசி ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். கொஞ்ச நாளில், தொழிற்சாலை மெஷினில் விரல் நசுங்கிய சின்னராசாவும் கையை நீட்டினான். இருவருக்கும் ஒரே ஊசிதான். லயத்து அடுப்பில் ஊசியைக் கொதிக்க வைத்தால் நாலு பேர் கேட்பார்கள். அதனால் ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை துடைத்தேன். அந்த நெடிக்கு எந்தக் கிருமி தாங்கும் என்று நினைத்தேன், மடையன்.

மூன்று மாதத்தில் சின்னராசாவுக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. மாயாண்டிக்கு ஒன்றுமில்லை.

"வெளியில யார்கிட்டயாச்சும் ஊசி போட்டியா?" என்று டாக்டரையா கேட்டார்.

சின்னராசா என்னை ஒரு பார்வை பார்த்தான். "இல்லீங்க" என்றான். ஏன் அப்படிக் கேட்கிறார் என்று நான் யோசிக்கவில்லை. வேலை போய்விடுமே என்று மட்டும்தான் யோசித்தேன்.

அப்படியானால் தண்ணீர்தான் காரணம் என்று அவர் முடிவு கட்டினார். மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டிலேயே உத்தரவு வந்தது. மலையிலிருந்து பீலிக் குழாயில் விழும் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். ஆறு லயமும் தண்ணீரைக் கொதிக்க வைத்தது. என் ஊசி மட்டும் கொதிக்கவில்லை.

அந்த வாரம்தான் என் மனைவி வேலாயிக்குத் தோள்வலி. கொழுந்துக் கூடை இழுத்த வலி.

"ஆஸ்பத்திரிக்கே போயிட்டு வந்துர்றேங்க" என்றாள்.

"வீட்டுலயே டாக்டர வச்சிக்கிட்டு எங்க போற?"

"ஆமா, ஆயிரம் பேரக் கொன்னவன் அரை வைத்தியன்" என்று சிரித்துக்கொண்டே தோளைக் காட்டினாள். பலத்துக்கான மருந்து ஒன்றை அதே ஊசியில் ஏற்றிப் போட்டேன்.

சின்னராசா கீழாநெல்லி குடித்துத் தேறிவிட்டான். இரண்டு மூன்று மாதம் கழித்து வேலாயிக்குக் காமாலை வந்தபோது கீழாநெல்லி கேட்கவில்லை. வயிறு உப்பியது, பேச்சு குழறியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவளைப் பார்த்துவிட்டு டாக்டரையா என்னை வெளியே அழைத்தார்.

"எல்லாரும் தண்ணிய கொதிக்க வச்சும் இவளுக்கு எப்புடி? ஒருத்தர் ரத்தத்துல இருக்கிற காமாலை ஊசி வழியா அடுத்த ஆளுக்குப் போகும். நோயக் குடுக்கிற ஆளு கல்லுக்குண்டு மாதிரி இருப்பான். ஸ்பிரிட்டெல்லாம் போதாது. நீ நம்ம ஊசிய ஒழுங்கா கொதிக்க வைக்கிறியா?"

"வைக்கிறேங்க" என்றேன். அது பொய் இல்லை. ஆஸ்பத்திரி ஊசிகளை ஒழுங்காகத்தான் கொதிக்க வைத்தேன். உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வேலாயி என் கையைப் பிடித்துக்கொண்டு குழறிக் குழறிச் சொன்னாள்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்காதீங்க. ஒரு நா மலையில தாகம் தாங்கல. பீலித் தண்ணிய அப்புடியே குடிச்சிட்டேன். நீங்க அத்தன தடவ சொல்லியும் கேக்கல. புள்ளைங்கள ஒங்க தலையில கட்டிட்டுப் போறேன். என்னைய மன்னிச்சிருங்க."

நீ இல்லை, நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கதவருகே டாக்டரையா நின்றுகொண்டிருந்தார்.

"போகட்டும் வேலாயி" என்றேன். "மன்னிச்சிட்டேன்."

அவள் முகம் தெளிந்தது. அதற்கப்புறம் அவள் பேசவில்லை.