பிசிஸ்திராத்தஸின் காயம்

நெற்றியில் வெள்ளைக் கட்டோடு நவரட்ணம் மண்டபத்துக்குள் வந்தபோது பாதிச் சனம் எழுந்து நின்றது. நான் எழும்பவில்லை. என் மனைவி புனிதவதி எழும்பினாள். அவளுடைய தம்பி கஜீவன் எழும்புவதா விடுவதா என்று தெரியாமல் பாதி எழும்பி, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப இருந்தான். அந்தக் கட்டை அவிழ்த்துப் பார்க்க என் கை துறுதுறுத்தது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பாடசாலையின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து எங்கள் ஊர் ஒன்றியம் பொதுக்கூட்டம் வைத்திருந்தது. நவரட்ணம் ஒன்றியத்தின் தலைவன். வந்த நாளிலிருந்து தேர்தல் என்ற பேச்சையே எடுக்காத தலைவன். போன கூட்டத்தில் கஜீவன் எழுந்து, "தேர்தல் எப்ப வைக்கப்போறியள்?" என்று கேட்டான். "நீ கனடாவுக்கு வந்து எத்தினை நாள் தம்பி?" என்று நவரட்ணம் சிரித்தான். கஜீவனுக்கு இளரத்தம். மேசையில் அடித்துக் கத்திவிட்டான். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. நவரட்ணத்துக்கு அதுதான் தேவைப்பட்டது.

சென்ற செவ்வாய் மாலை, தன் அப்பார்ட்மென்ட் வாகனத் தரிப்பிடத்தில் யாரோ தன்னைத் தாக்கினார்கள் என்று நவரட்ணம் பொலிசை அழைத்தான். நெற்றி பிளந்திருந்தது. அவனுடைய வான் வண்டியின் கண்ணாடிகள் ஒன்று மிச்சமில்லாமல் நொறுங்கிக் கிடந்தன. அடித்தவனின் முகத்தைத் தான் காணவில்லை என்று பொலிசுக்குச் சொன்னான். ஒன்றியக் குழுவுக்கோ, "குரல் தெரிஞ்ச குரல். ஞாயிறு கூட்டம் முடியட்டும், பேரைக் குடுக்கிறதோ எண்டு யோசிப்பம்" என்றான். யாருடைய குரல் என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அடுத்த நாள் தமிழ்க்கடையில் புனிதவதியோடு ஒருத்தரும் கதைக்கவில்லை.

கஜீவனின் அகதி வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. இந்த நேரத்தில் பொலிஸ் கேஸ் ஒன்று விழுந்தால் அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பயம். திருப்பி அனுப்புவதென்றால் எங்கே என்று விளக்கத் தேவையில்லை. உண்மையில் அந்தச் செவ்வாய் மாலை அவன் ரெக்ஸ்டேலில் ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்பக்கம் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். அரசாங்கத்தின் வெல்ஃபெயர் காசையும் எடுத்துக்கொண்டு, கணக்கில் காட்டாமல் கையில் காசுக்குச் செய்யும் வேலை. அதை வாய்திறந்து சொன்னால் அது இன்னொரு கேஸ். முதலாளியும் "இவனை நான் கண்டதேயில்லை" என்றுதான் சொல்லுவான்.

புனிதவதி ஒவ்வொரு நாளும் அழுதாள். நவரட்ணத்தின் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்தாவது வரச்சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். எனக்குத்தான் அவன் செய்த வேலை தெரியுமே.

எப்படித் தெரியும் என்றால், நாங்கள் இரண்டு பேரும் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து அதைப் படித்தவர்கள். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் கிரேக்க உரோம நாகரிகம் என்று ஒரு பாடம் உண்டு. கணக்கும் விஞ்ஞானமும் ஓடாத எங்களைப் போன்றவர்கள் சுகமாகப் பாஸ் பண்ணலாம் என்று நம்பி எடுப்பது. பஸ்ரியன் மாஸ்ரர் படிப்பித்தார். கன்றுக்குட்டியை நாள்தோறும் தோளில் தூக்கிப் பழகி, அது மாடான பிறகும் தூக்கித் திரிந்த மல்லன் மிலோவின் கதை என்றால் வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். நவரட்ணம் சிரிக்கமாட்டான். அவனுக்குப் பிடித்தது ஒருவனை மட்டும்தான்: ஏதென்ஸ் நகரத்தைப் பிடித்து ஆண்ட பிசிஸ்திராத்தஸ்.

பிசிஸ்திராத்தஸ் ஒருநாள் தன் உடம்பைத் தானே கீறிக்கொண்டான். வண்டியில் பூட்டியிருந்த கோவேறு கழுதைகளையும் வெட்டினான். இரத்தம் ஒழுக ஒழுக வண்டியைச் சந்தைக்குள் ஓட்டிவந்து, எதிரிகள் தன்னைக் கொல்லப் பார்த்தார்கள் என்று கத்தினான். சனம் இரங்கிப்போய், அவனுக்குக் காவலாகத் தடி தூக்கிய ஆட்களைக் கொடுத்தது. அந்தத் தடிக்காரரை வைத்தே அவன் கோட்டையைப் பிடித்தான்.

"கழுதையை ஏன் சேர் வெட்டினவன்?" என்று நான் கேட்டேன். மாஸ்ரர் வாய் திறப்பதற்குள் நவரட்ணம் சொன்னான்: "தன்னை மட்டும் வெட்டினால் சனம் சந்தேகப்படும். கழுதை பாவம்தானே. கழுதையைப் பாத்துத்தான் சனம் அழும்."

புதன்கிழமை அந்த வானைப் போய்ப் பார்த்தேன். ஒரு கண்ணாடியையாவது விட்டுவைத்திருக்கிறானா என்று சுற்றிச்சுற்றிப் பார்த்தேன். பாவி, பக்கக் கண்ணாடியைக்கூட விடவில்லை. இதுதான் அவனுடைய கழுதை.

இப்போது அவன் மேடையில் நின்று தழுதழுத்த குரலில் பேசினான். "எனக்கு நடந்தது நாளைக்கு உங்கட பிள்ளையளுக்கு நடக்கலாம். அதுக்காகத்தான் ஒரு தொண்டர் அணி கேக்கிறன். பெடியள் கொஞ்சப்பேர் வாசலில நிக்கட்டும். தேர்தலைப் பிறகு ஆறுதலாப் பாப்பம்." மேடை ஓரத்தில் விளையாட்டுப் பிரிவின் ஹொக்கித் தடிகள் கட்டாகச் சாத்தியிருந்தன. தடியும் தயார்! எனக்குச் சிரிப்பும் வந்தது, கெட்ட வார்த்தையும் வந்தது.

செயலாளர் செல்வரட்ணம் வாக்குக்குக் கையைத் தூக்கச் சொல்லுமுன் நான் எழுந்தேன். புனிதவதி என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டேன்.

"உது புதுக் கதையில்லை. இரண்டாயிரத்து ஐந்நூறு வருசத்துக்கு முன்னம் ஒருத்தன் செய்த வேலை. இவரும் நானும் சேர்ந்து படிச்ச பாடம்" என்று தொடங்கி முழுவதையும் சொன்னேன். கீறலைச் சொன்னேன், கழுதையைச் சொன்னேன், தடியைச் சொன்னேன். "உங்கட தலையில மிளகாய் அரைக்கிறான், நீங்கள் குனிஞ்சு குடுக்கிறியள்! வானை உடைச்சது இவன்தான். மண்டையைப் பிளந்ததும் இவன்தான்!"

மண்டபமே என் பக்கம் திரும்பியது. வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன். பிறகு பின்வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

செல்வரட்ணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சண்முகநாதன் அண்ணை, எங்கள் ஒருத்தருக்கும் தெரியாத கதை. எப்பிடிச் செய்யிறதெண்டு உங்களுக்கு அடி முதல் நுனி வரைக்கும் தெரிஞ்சிருக்கு. அப்ப ஆர் செய்தது எண்டும் உங்கட வீட்டிலதானே கேக்கவேணும்?"

"ஓம், ஓம்" என்று நாலு பக்கமும் குரல் எழுந்தது. கஜீவனின் முகம் வெளிறியது. அவனைக் காப்பாற்ற எழுந்தவன் அவனுடைய கழுத்திலேயே கயிற்றைப் போட்டுவிட்டேன்.

நவரட்ணம் கையை உயர்த்திச் சனத்தை அடக்கினான். அவனுக்குக் கோபமே இல்லை. அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது.

"சண்முகநாதன் சொன்ன கதை சரி. ஆனால் முழுக்கச் சொல்லேல்லை" என்றான். "அதில சோலோன் எண்டு ஒரு பெரிய மனிசனும் இருந்தவர். பிசிஸ்திராத்தஸுக்குச் சொந்தக்காரர். சபையில எழும்பி, இது ஏமாத்து எண்டு கத்தினவர். ஒருத்தரும் கேக்கேல்லை. ஆனா பிசிஸ்திராத்தஸ் அவரைத் தொடேல்லை, கடைசிவரைக்கும் மரியாதையா வைச்சிருந்தவன். நானும் என்ர கூட்டாளியை அப்பிடித்தான் வைச்சிருப்பன்."

செய்தேன் என்று வெட்டவெளிச்சமாகச் சொல்லிவிட்டான்! ஒரு மனிதருக்கும் விளங்கவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

"தம்பி கஜீவன், இஞ்ச வா" என்றான் நவரட்ணம். "அண்டைக்கு இருட்டுக்குள்ள ஒரு குரல் கேட்டது. இப்ப உன்னைப் பாக்கேக்க, அது உன்ர குரல் இல்லை எண்டு எனக்கு வடிவா விளங்குது. பொலிசுக்கும் அப்பிடித்தான் சொல்லுவன். வழக்குக்கு ஒன்றியத்தின்ர கடிதம் தேவையெண்டாலும் நான் தாறன். முதல் தடி உனக்குத்தான்."

கஜீவன் என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தான். அவள் அவனுடைய முதுகில் கையை வைத்துத் தள்ளினாள். அவன் போனான். மேடையேறித் தடியை வாங்கினான். நவரட்ணம் அவனைக் கட்டிப்பிடித்தபோது மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. புனிதவதியும் அழுதழுது தட்டினாள்.

"விலை போறியோடா?" என்று நான் கத்தினேன். "அவன் உன்னை மாட்டினது இதுக்குத்தானடா!"

"உன்ர அத்தானுக்குச் சுகமில்லைப் போல. கொஞ்சம் வெளியில காத்து வாங்கட்டும், கூட்டிக்கொண்டு போ" என்றான் நவரட்ணம், மெல்ல.

கஜீவன் தடியோடு இறங்கி என்னிடம் வந்தான். "வாங்கோ அத்தான்" என்றான். தொடவில்லை, அடிக்கவில்லை. ஆனாலும் தடியைக் கீழே வைக்கவுமில்லை. வாசல்வரை நடந்தோம். அவனை அறைய வேண்டும் போல் இருந்தது. கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது.

"உனக்கு விளங்கேல்லையோ? எல்லாம் அவன்ர நாடகம்."

"விளங்குது அத்தான். நான் உடைக்கேல்லை எண்டு எனக்குத்தானே நல்லாத் தெரியும். நீங்கள் சொன்னது முழுக்க உண்மை."

"பிறகு?"

"உண்மையைச் சொல்லி உங்களால என்னை இந்த நாட்டில வைச்சிருக்க ஏலுமோ? அவரால ஏலும்."

உள்ளே போய் என் ஜக்கெட்டையாவது எடுக்கலாம் என்று திரும்பினேன். அவன் கதவுக்குக் குறுக்கே தடியைப் பிடித்தான். உள்ளேயிருந்து புனிதவதி ஜக்கெட்டைக் கொண்டுவந்தாள். என் கையில் தரவில்லை. தம்பியிடம் கொடுத்துவிட்டுத் தன் கதிரைக்குத் திரும்பிப் போனாள்.

"பிடியுங்கோ அத்தான், வெளியில குளிர்" என்று கஜீவன் அதைத் தடிக்கு மேலால் நீட்டினான்.