போன வருஷத்து இரண்டாவது வரி

ஒன்பது வருடமாக செல்மா அந்த மேஜையில் உட்கார்ந்து தோற்றுக்கொண்டிருந்தாள். டெல்ரே பீச் குடியிருப்பின் கிளப் ஹவுஸ், செவ்வாய்க்கிழமை ஒரு மணி, ஏ.சி. காற்று நேராகக் கழுத்தில் இறங்கும் மேஜை. குளிருக்கு ஒரு ஸ்வெட்டர், தோல்விக்கு ஒரு சிரிப்பு. இரண்டையும் வீட்டிலிருந்தே கொண்டு வந்துவிடுவாள்.

ஏப்ரலில் மட்டும் ஜெயிப்பாள். அவர்கள் ஆடும் மாஜாங் என்ற காய் ஆட்டத்தின் அட்டை மாறுவது அப்போதுதான். எந்தெந்தக் காய்களைச் சேர்த்தால் ஆட்டம் முடியும் என்று ஐம்பது சொச்சம் வரிகள் அச்சடித்து வருடம் ஒருமுறை தபாலில் வரும். பழைய வரிகள் அன்றோடு செல்லாது. மற்றவர்கள் போன வருடத்தை மறக்கத் திணறும் அந்த மூன்று வாரம் செல்மாவுக்கு அறுவடைக் காலம். மறப்பதற்கு அவளிடம் எதுவும் இருக்காது. எந்த வருடத்து அட்டையையும் அவள் மனப்பாடம் செய்ததில்லை.

அப்படியே இருந்திருந்தால் பிழைத்திருப்பாள்.

பிப்ரவரியில் ஹாரியட்டுக்கு இடுப்பு எலும்பு மாற்றினார்கள். அவள் நாற்காலிக்குத் தற்காலிகமாக டீனா வந்தாள், கிளீவ்லாந்திலிருந்து புதிதாகக் குடிவந்தவள். மே மாதம் ஹாரியட் திரும்பிவிடுவாள். நாற்காலி நாலு, ஆள் ஐந்து.

“யார் போகணும்னு மார்ச் கடைசியில முடிவு பண்றேன்” என்றாள் பெர்னிஸ். மேஜையும் காய்ப்பெட்டியும் கிளப்புக்குச் சொந்தம். முடிவு மட்டும் எப்போதும் பெர்னிஸுக்குச் சொந்தம். “டீனா நிதானமா ஆடுறா. நீ பேசிக்கிட்டே ஆடுற, செல்மா. அதாவது, பேசுற.”

எழுபத்தொரு வயதில் செல்மா படிக்க உட்கார்ந்தாள். அட்டையை நகலெடுத்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள், குளியலறைக் கண்ணாடியில் ஒட்டினாள். சிவப்பு விளக்கில் காரை நிறுத்திவிட்டு வரிகளை வாய்விட்டு ஒப்பித்தாள். பச்சை விழுந்தும் ஒப்பித்தாள். பின்னால் ஹாரன் அடித்தவர்களுக்கும் இரண்டு வரி தெரிந்திருக்கும். மார்ச் இருபத்தெட்டாம் தேதி எல்லா வரியும் தலைகீழாகச் சொல்ல வந்தது.

இருபத்தொன்பதாம் தேதி பெர்னிஸ் யூதர்களின் பஸ்கா பண்டிகைக்காக நியூஜெர்சியில் மகள் வீட்டுக்குப் போனாள். முடிவைத் திரும்பி வந்து சொல்வதாகச் சொன்னாள். அவள் திரும்புவதற்குள் தபாலில் புது அட்டை வந்துவிட்டது.

அந்த முதல் செவ்வாய் பெர்னிஸ் பண்டிகையில் மிஞ்சிய தேங்காய் மக்கரூன் பிஸ்கட்டைத் தகர டப்பாவோடு கொண்டு வந்திருந்தாள். செல்மா புது அட்டையைத் தன் முன்னால் வைத்து, அதன்மேல் காபிக் கோப்பையை வைத்தாள். ஒவ்வொருவராகக் காயின் பெயரைச் சொல்லி நடுவில் போட்டார்கள்.

“கிழக்குக் காற்று.”

“நாலு புள்ளி.”

“காயைப் போடு, செல்மா. அடுத்த பஸ்கா வந்துடும்” என்றாள் பெர்னிஸ்.

“யோசிக்கிறேன்டி.”

“நீயா?” என்றாள் மேஜையின் நாலாவது ஆள் ஃபிலிஸ். பெர்னிஸ் தும்மினால் மூக்கைத் துடைத்துக்கொள்பவள் அவள்.

செல்மா யோசிக்கவில்லை. கை தானாக ஓடிக்கொண்டிருந்தது. பூப் போட்ட காய் வந்தது, வைத்துக்கொண்டாள். இன்னொரு பூ. ஆறாம் எண் காய்கள் சேர்ந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக அட்டையைப் பார்க்காமல் ஆடினாள். முப்பது வருடம் பல் மருத்துவமனையில் தொலைபேசி எடுத்தவளுக்கு இப்படி ஒரு மூளை இருந்ததா என்று அவளுக்கே கர்வமாக இருந்தது.

“ஒன்பது மூங்கில்” என்று ஃபிலிஸ் போட்டாள். ஏப்ரலில் எல்லோருக்கும் வரும் தடுமாற்றத்தோடு, அட்டையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போட்டாள்.

“மாஜ்! முடிச்சுட்டேன்!” என்று கத்தி செல்மா காய்களைத் திறந்து வைத்தாள். பூ இரண்டு, மூன்று நாலு, ஆறு நாலு, ஒன்பது நாலு.

பெர்னிஸ் ஒரு பார்வை பார்த்தாள். “மூணு-ஆறு-ஒன்பது. ரெண்டாவது வரி. அடிப்பாவி, ரெண்டு பூவையும் நீதான் அமுக்கி வச்சிருந்தியா?” தன் காய்களை நடுவில் தள்ளிவிட்டாள். ஃபிலிஸும் தள்ளினாள்.

டீனா தள்ளவில்லை. அவள் எதையும் மனப்பாடம் செய்யாதவள். ஒவ்வொரு முறையும் அட்டையில் விரல் வைத்து வரிவரியாகப் படிப்பாள். மற்றவர்கள் கூரையைப் பார்த்துக் காத்திருப்பார்கள். இப்போதும் விரல் ஊர்ந்தது.

“இங்க பூ இல்லையே.”

“நல்லாப் பாருங்க, கண்ணு” என்றாள் பெர்னிஸ்.

“பாத்துட்டேங்க. டிராகன் ஜோடின்னுல்ல போட்டிருக்கு?”

பெர்னிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள். டிராகன் டிராகனாகவே இருந்தது; பூ இருந்தது போன வருஷத்து அட்டையில். சரிபார்க்கும் முன் காய்களைக் கலைத்தால் அந்தக் கை செத்தது, ஆட்டத்தில் சேராது என்று ஒன்பது வருடமாக வாராவாரம் மிரட்டி வந்தவள் அவள்தான். இப்போது மேஜையில் மூன்று பிணம். உயிரோடு இருந்தது டீனாவின் கை மட்டும்.

செல்மாவுக்கு முதலில் காது சுட்டது. பிறகுதான் உறைத்தது. பெர்னிஸ் வரி எண் சொல்லியே ஏமாந்திருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன் செல்மாவால் இந்தத் தப்பைச் செய்திருக்கவே முடியாது. அதற்கு வேண்டிய அறிவு இல்லை. இப்போது பெர்னிஸ் அளவுக்கு முட்டாளாக முன்னேறியிருந்தாள்.

பெர்னிஸ் தொண்டையைக் கனைத்தாள். “டீனா, ஹாரியட் வந்தாலும் நீங்க இங்கயே இருங்க. இந்த மேஜைக்குப் படிச்சுப் பாக்குற ஆள் ஒண்ணு வேணும்.”

செல்மா ஒரு மக்கரூனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அழாமல் இருக்க வேறு வழி தெரியவில்லை.

“கோவிச்சுக்காதீங்க” என்றாள் டீனா. “நீச்சல் குளத்துப் பக்கம் ஒரு மேஜையில ஆள் கேக்குறாங்க. மே மாசத்துலேர்ந்து அங்க வர்றதாச் சொல்லிட்டேன். நானே எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்.”

“அங்கயா? வெயில் மண்டையப் பொளக்கும்” என்றாள் பெர்னிஸ்.

“பரவால்லீங்க. அங்க எல்லாரும் அட்டையப் பாத்து ஆடுறாங்க.”

பெர்னிஸ் காய்களைக் கவிழ்த்துக் கலக்கத் தொடங்கினாள், தேவைக்கு அதிகமான சத்தத்தோடு.

“சரி, இடம் உனக்குத்தான்” என்றாள், செல்மாவைப் பார்க்காமல்.

“என்னைத் தேர்ந்தெடுத்ததுக்கு நன்றி.”

“தேர்ந்தெடுக்கல. நீ மிச்சம்.”

“மிச்சம்தான், தெரியும்” என்ற செல்மா, காபிக் கோப்பையைத் தூக்கிவிட்டு முதல் வரியில் விரலை வைத்தாள். “இருங்க, படிச்சுக்கிறேன்.”

மூவரும் கூரையைப் பார்த்தார்கள்.