தட்டி நிரப்பிய கரண்டி

என் மகளுக்கு அப்போது நான்கு மாதம். ஐந்து நாளாக அவள் ஆய் போகவில்லை. இப்போது சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, ஆனால் அந்த ஐந்து நாளும் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தமே இல்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அவள் துணியை விலக்கிப் பார்ப்பேன். வெள்ளை வெளேரென்று இருக்கும். சுத்தமான துணியைப் பார்த்துப் பயப்படுவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

நான் டைல்ஸ் பதிக்கிறவன். பதினெட்டு வருஷ அனுபவம். நான் பதித்த தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். அதனால்தான் கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு 'ரசமட்டம்' என்று பெயர் வைத்தார்கள். தரை மட்டமாக இருக்கிறதா என்று வைத்துப் பார்க்கும் கருவி அது. என்னைக் கிண்டல் செய்யத்தான் வைத்தார்கள். எனக்கோ அதில் உள்ளூரப் பெருமை. என் கை தப்பாது என்று எனக்கு அப்படி ஒரு நினைப்பு.

என் மனைவிக்கு நகரப் பேருந்து ஓட்டும் வேலை கிடைத்தபோது மகளுக்கு மூன்றரை மாதம். இரண்டு வருஷமாகக் காத்திருந்து கிடைத்த வேலை. மூன்று மாதப் பயிற்சி, அதில் மூன்று நாளுக்கு மேல் லீவு எடுத்தால் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு இடம் போய்விடும். அதனால் நான் வீட்டில் இருக்கிறேன் என்று முடிவு செய்தோம். தரை எங்கும் ஓடிப்போகாது, மூன்று மாதம் கழித்துப் பதித்துக்கொள்ளலாம் என்றேன். சொந்தக்காரர்கள் ஆளாளுக்குச் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது மனைவியின் அக்கா. குழந்தை பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அவர் பெரியம்மாதான். இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். மூன்று பிள்ளைகளை வளர்த்தவர், நாலாவதாக என்னையும் வளர்க்கலாம் என்ற எண்ணம் அவருக்கு எப்போதும் உண்டு.

முதல் சில நாள் மனைவி தாய்ப்பாலை எடுத்து வைத்துவிட்டுப் போனாள். பகல் முழுக்க டிப்போவில் நின்று, வளைத்து, பின்னால் எடுத்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவில் பேருந்தை நுழைத்துக் காட்டிவிட்டு வருகிறவளுக்குப் பால் குறைந்துபோனது. பகலுக்கு டப்பா பால் என்றானது. அதைக் கலக்குவது என் பொறுப்பு. அப்போதிலிருந்துதான் வம்பு தொடங்கியது. சுண்டெலி, மகளை அப்படித்தான் கூப்பிடுகிறோம், முகம் சிவக்க முக்குவாள், காலை மடக்கி அழுவாள், கடைசியில் மிளகு அளவில் கெட்டியாக இரண்டு உருண்டை வரும். அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம். பக்கத்து வீட்டு லிஃப்ட் மெக்கானிக் தேன் தடவச் சொன்னார். ஜெராக்ஸ் கடைக்காரர் சோப்பைச் சீவி வைக்கச் சொன்னார். பெரியம்மா தன் பிள்ளைகளுக்குக் கொடுத்ததாக ஒரு மருந்தின் பெயர் சொன்னார், அந்தக் கடையே மூடிப் பத்து வருஷம் ஆகிறது. எதையும் செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை, நல்லவேளை. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து இரண்டு காலையும் பிடித்து சைக்கிள் மிதிப்பதுபோல் ஆட்டினேன், அது மட்டும்தான். அவள் மிதித்த மிதிக்கு இந்நேரம் அடுத்த ஊர் போய்ச் சேர்ந்திருப்பாள். பலன் ஒன்றும் இல்லை.

மனைவி என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. தன்னையேதான் குறை சொல்லிக்கொண்டாள். தான் வேலைக்குப் போனதால்தான் இப்படி ஆனது, தன் பால் நின்றதால்தான் குழந்தைக்கு இந்தப் பாடு என்று சீருடைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே சொல்வாள். அப்படியெல்லாம் இல்லை என்று நானும் ஏதோ சொல்வேன். வேறு என்ன காரணம் என்று அவள் கேட்டால் பால் பாட்டிலை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விடுவேன்.

புதன்கிழமை அவள் டிப்போவுக்குப் போனதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், எடை பார்த்தார், வாந்தி உண்டா, நன்றாகக் குடிக்கிறாளா என்று கேட்டார். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி, பால் விஷயத்தைப் பேசப் பக்கத்து அறையில் இருந்த செவிலியரிடம் அனுப்பினார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத அம்மா. எப்படிப் பால் கலக்குகிறீர்கள் என்றார். டப்பாவில் போட்டிருக்கிறபடி, நூற்றிருபது மில்லிக்கு நாலு கரண்டி, தலை தட்டி, என்று ஒப்பித்தேன். ஒரு பாட்டில் கலக்கிக் காட்டச் சொன்னார்.

எனக்கா காட்டத் தெரியாது. கையைக் கழுவிவிட்டு, பையிலிருந்து டப்பா, பாட்டில், கத்தி எல்லாவற்றையும் எடுத்தேன். கரண்டி நிறைய மாவை அள்ளினேன், மேஜை விளிம்பில் மூன்று தட்டு தட்டினேன். மாவு இறங்கியது. இறங்கிய இடத்தில் இன்னும் கொஞ்சம் போட்டு மறுபடி தட்டினேன். பிறகு கத்தியின் முதுகால் ஒரே இழுப்பில் சீவினேன். கண்ணாடிபோல மட்டம். காலிப் பாட்டிலில் அதைக் கொட்டினேன். இப்படி நாலு கரண்டி போட்டு, அதன் மேல் நூற்றிருபது கோடு வரை தண்ணீரை விட்டேன்.

"அது ஏன் தட்டுறீங்க?" என்றார்.

உள்ளே காற்று நின்றுவிடக் கூடாதே என்றேன். கலவையில் காற்று நின்றால் டைல்ஸ் மேல் விரலால் தட்டும்போது 'டொக்'கென்று வெற்றாகக் கேட்கும், நாளைக்கே பெயர்ந்து வரும் என்று விளக்கமும் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "நீங்க பால் கலக்கலீங்க. தரைக்குப் போட கலக்கியிருக்கீங்க."

பிறகு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். முதலில் தண்ணீர், கோடு பார்த்து. அதற்கப்புறம் மாவு. கரண்டியில் மாவு தளர்வாக இருக்க வேண்டும், அமுக்கக் கூடாது, தட்டக் கூடாது, மேலே மட்டும் வழித்துவிட வேண்டும். நான் செய்ததில் மாவு ஒன்றரை மடங்கு, தண்ணீரும் குறைவு. அவ்வளவு கெட்டியான பாலைக் குடித்தால் குழந்தைக்கு எப்படிப் போகும் என்றார். தேன், சோப்பு எதுவும் கிட்டே வரக் கூடாது. சரியாகக் கலக்கிக் கொடுங்கள், ஓரிரு நாளில் சரியாகிவிடும், வயிறு உப்பினாலோ வாந்தி எடுத்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார். கரண்டியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தபோது அவர் உதட்டோரம் சிரிப்பைப் பிடித்து வைத்திருந்தார். எனக்கு முகமெல்லாம் அசடு வழிந்தது.

சாயங்காலம் மனைவி வந்ததும் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றார், தானாகச் சரியாகிவிடுமாம் என்று பூசி மெழுகினேன். பதினெட்டு வருஷமாக ஒரு நூல் தப்பாத கை, பெற்ற பிள்ளைக்குச் சிமெண்ட் கொடுத்த கதையை எந்த வாயால் சொல்வது? குழந்தை சரியானால் போதும், யாருக்கு என்ன தெரியப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். அவளோ வியாழனும் வெள்ளியும் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். அந்த இரண்டு நாளும் பாலை நான்தான் கலக்கினேன், அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, புது முறைப்படி.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். இளஞ்சூட்டில் குளிப்பாட்டி, குழந்தையை மடியில் போட்டு மனைவி வயிற்றை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். சுண்டெலி முக்கினாள். முகம் சிவந்தது. நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. சத்தம் முதலில் வந்தது. பிறகு ஐந்து நாள் கணக்கும் மொத்தமாக வந்தது, மனைவியின் மடி, பாய், பாய்க்குக் கீழே நான் பதித்த தரை எல்லாவற்றிலும். குழந்தை ஒரு பெருமூச்சு விட்டு, வாயெல்லாம் பொக்கையாக எங்களைப் பார்த்துச் சிரித்தது. மனைவி அசையாமல் உட்கார்ந்து, துடைக்கக்கூடத் தோன்றாமல், அழுதுகொண்டே சிரித்தாள்.

போன் போன பத்தாவது நிமிஷம் பெரியம்மா வந்துவிட்டார். துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்தார், பதம் பார்த்தார், நல்லது என்று தலையாட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். தங்கையின் தலையைத் தடவி, குழந்தை அம்மா மடிக்கு ஏங்கிப் போயிருந்தது, இரண்டு நாள் நீ கூடவே இருந்தாய், சரியாகிவிட்டது பார் என்றார். அன்பாகத்தான் சொன்னார். மனைவி குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். நான் அழுக்குத் துணிகளை அள்ளிக்கொண்டு குளியலறைக்கு நழுவினேன்.

அலசிப் பிழிந்து கொண்டுவந்தபோது அவள் மேஜை முன்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். டிப்போ மேலாளருக்கு. நாலு வரி. குடும்பச் சூழ்நிலை காரணமாகப் பயிற்சியிலிருந்து விலகிக்கொள்வதாக. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"நான் நல்லாத்தான் ஓட்டுறேன்," என்றாள், தாளைவிட்டுக் கண் எடுக்காமல். "முதல் தடவையே கம்பத்துல இடிக்காம பின்னாடி எடுத்தது நான் ஒருத்திதான். ஆனா என் பொண்ணு இங்க முக்கிக்கிட்டு கெடக்குறா. எனக்கு வேண்டாங்க."

பெரியம்மா குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரியும், திங்கட்கிழமை நான் வேலை செய்த எல்லாக் கட்டடத்திலும் தெரியும். அவர் போகட்டும் என்று ஒரு நிமிஷம் மென்று விழுங்கினேன். அதற்குள் அவள் பேனாவை மறுபடி எடுத்தாள். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

அடுப்படிக்குப் போய் டப்பா, கரண்டி, கத்தி, காலிப் பாட்டில் எல்லாவற்றையும் கொண்டுவந்து அந்தத் தாள் மேலேயே வைத்தேன். பழைய முறைப்படி ஒரு பாட்டில் கலக்கினேன். அள்ளினேன், தட்டினேன், நிரப்பினேன், மறுபடி தட்டினேன், சீவினேன். நாலு கரண்டி. கடைசியில் தண்ணீர். குலுக்கிவிட்டுப் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். இரண்டு சொட்டு விழுந்து நின்றுவிட்டது.

"இதைத்தான் ரெண்டு வாரமா குடுத்தேன்," என்றேன். "புதன்கிழமை சிஸ்டர்தான் கண்டுபிடிச்சாங்க. அன்னையிலேர்ந்து சரியா கலக்குறேன். அதான் இன்னைக்குப் போனா. நான் உங்கிட்ட சொல்லல."

பெரியம்மாவின் கை குழந்தையின் முதுகிலேயே நின்றது. அப்புறம் அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. சிரித்தார், உட்கார்ந்து சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பாட்டிலை எடுத்து ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். நியாயமும் அதுதான்.

"அப்போ நான் வேலைக்குப் போனதால இல்லையா?" என்றாள்.

"இல்ல. நீ போனதால இல்ல. நான் கலக்குனதால."

அவள் முகம் அப்படியே தளர்ந்ததை நான் பார்த்தேன். இரண்டு வாரமாக அந்த முகத்தில் என்ன இருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிறகு என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். நிஜமாகவே வலித்தது. இன்னும் இரண்டு வைத்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன், அவ்வளவு நிம்மதி எனக்கு.

கடிகாரத்தைப் பார்த்தாள். மதியப் பயிற்சி இரண்டு மணிக்கு. இப்போது கிளம்பினால் இன்றைக்கு அரை நாள்தான் லீவில் கழியும் என்று சொல்லிக்கொண்டே உடை மாற்றப் போனாள். தாளில் பால்மாவு கொட்டிக் கிடந்தது. அதைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன். சீருடையோடு அவள் வெளியே வந்தபோது பெரியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, இனிமேல் பகலில் தானே வந்து பால் கலக்கித் தருவதாகச் சொன்னார். எனக்குத் தலை தாழ்ந்தது. மறுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

"வேண்டாம்க்கா," என்றாள் மனைவி. "அவரே கலக்கட்டும்."

குழந்தைக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள். இந்த இரண்டு வாரமும் தெருமுனை போவதற்குள் மூன்று தடவையாவது நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனவள் அவள். அன்று மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று பார்த்தேன். கையை வீசிக்கொண்டு நேராக நடந்து போனாள், ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.