மைத்துனனின் பொய்ப்பல்லும் கர்த்தருடைய வருகையும்

சத்தியம் பண்ணாதே என்று வேதத்தில் எழுதியிருக்கிறது. ஆகவே கையை வேதப்புத்தகத்தின் மேல் வைக்காமல், சற்றுத் தள்ளி மேசைமேல் வைத்துச் சொல்கிறேன்: இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் நடந்தது. கூட்டிச் சொல்லியிருந்தால் என் ஆடுகளெல்லாம் பாறையிலிருந்து கடலில் விழட்டும்.

ஃபாரோ தீவுகளில் எங்கள் குடாவை ஒட்டிய சபைக்கூடத்தில் போதகர் கிடையாது. ஆவியானவர் யாரை ஏவுகிறாரோ அவர் எழுந்து பேசலாம். ஆவியானவர் பெரும்பாலும் ஹால்கிரிமைத்தான் ஏவினார். வாரம் முழுக்க வானொலியில் உலகச் செய்தி கேட்டு, ஞாயிறன்று ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வசனத்தைப் பொருத்திக் காட்டுவார். எங்கோ ஏவுகணை விழுந்து ஒரு தெரு எரிந்தால் அதற்கு வெளிப்படுத்தல் எட்டாம் அதிகாரம். வெட்டுக்கிளி என்றால் ஒன்பது. பிணங்கள் கூடக்கூட அவர் முகத்தில் ஒரு களை வரும். "சமீபம், சகோதரரே, சமீபம்!" என்று முடிப்பார். அதற்குள் எல்லாருடைய காப்பியும் ஆறிப்போயிருக்கும்.

ஒரு ஞாயிறு, அவர் மனைவி சுன்வாவின் தம்பி ரேகின் எழுந்தான்.

"மச்சான், வேதத்துல வர்ற வடக்கு ராஜான்னு போன வருஷம் வேற ஒருத்தன கைகாட்டினீங்களே, அவன் என்ன ஆனான்? லீவு போட்டுட்டானா?"

பெண்கள் பக்கம் சிரிப்பு கேட்டது. ஹால்கிரிமின் கையில் பித்தளை முனை வைத்த குடும்ப வேதாகமம் இருந்தது. அதை விரித்துப் பதில் சொல்வார் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவர் அதை மூடி, இரண்டு கையாலும் ஓங்கி, ரேகினின் வாயில் பதிலைச் சொன்னார். முன்பல் இரண்டும் போயிற்று. ஒன்று காணிக்கைப் பெட்டியில் விழுந்தது, மற்றது சுன்வாவின் மடியில். அதற்குப் பிறகு சபை இரண்டாகப் பிரிந்தது. பெஞ்சுகள் பறந்தன. ஒரு மூப்பரின் காதை இன்னொரு மூப்பர் கடித்தார். ஆர்கன் வாசிப்பவருக்குக் காது கேட்காததால், அத்தனைக்கும் நடுவே சமாதானப் பாட்டு ஒன்று முழுசாக வாசித்து முடிக்கப்பட்டது.

ரேகினிடம் மன்னிப்புக் கேட்கும்வரை ஹால்கிரிமுக்குத் திருவிருந்தில் அப்பம் இல்லை என்று மூப்பர்கள் தீர்த்துவிட்டார்கள். அவர் கேட்கவில்லை.

"கர்த்தர் வரட்டும். கண் இமைக்கிற நேரத்துல தம்முடையவங்கள எடுத்துக்கிட்டுப் போயிடுவார். மிச்சம் நிக்கிறவன் ரத்தத்துலயும் நெருப்புலயும் கெடப்பான். அன்னிக்குத் தெரியும், நான் யாரு, உன் தம்பி யாருன்னு."

"மேல போறது இருக்கட்டும்," என்றாள் சுன்வா, உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே. "மொதல்ல அவன் வாசல் வரைக்கும் போயிட்டு வாங்க."

இரண்டு வருஷம் போயிற்று. ரேகின் பொய்ப்பல் கட்டிக்கொண்டான். ஹால்கிரிம் கடைசிப் பெஞ்சில், அப்பத்தட்டு தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இலையுதிர்காலத்தில் ஒரு நாள் ஆடுகளைப் பிடிக்க மலைமேல் போனார். மூடுபனி. சட்டைப்பைக்குள் வானொலி. எங்கோ ஓர் ஊரில் சந்தையில் குண்டு விழுந்ததைச் சொல்லிக்கொண்டிருந்த செய்தி வாசிப்பாளர் திடீரென்று நிறுத்தி, "சற்று முன் கிடைத்த செய்தி. உலகம் முழுவதும்..." என்றார். அத்தோடு பேட்டரி செத்துவிட்டது. ஹால்கிரிம் வானொலியைக் குலுக்கினார், அறைந்தார், கடைசியில் பாறையில் அடித்து உடைத்தார்.

அதே நேரம் கீழே ஊரில் கூப்பாடு கிளம்பியது, குடாவில் திமிங்கிலக் கூட்டம் என்று. திமிங்கிலம் வந்துவிட்டால் எங்கள் ஊரில் குழியில் இறக்குகிற சவத்தைக்கூடப் பாதிக் கயிற்றில் விட்டுவிட்டு ஓடுவார்கள். ஊரே வேட்டைக்கு ஓடியது. காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் மலைமேல் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

ஹால்கிரிம் இறங்கி வந்தபோது ஊரில் ஓர் ஆள் இல்லை. அவர் வீட்டில் உருளைக்கிழங்கு கொதித்து வழிந்துகொண்டிருந்தது. சுன்வா பின்னிக்கொண்டிருந்த கம்பளி ஊசியோடு வாசற்படியில் கிடந்தது. நடுத்தெருவில் கதவு திறந்தபடி ஒரு கார், இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒற்றைச் செருப்பு. மூப்பரின் மூக்குக்கண்ணாடி திறந்த வேதத்தின்மேல்.

உலகம் முழுவதும்... கர்த்தர் வந்து, தம்முடையவர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்! போல் என்ற ஊர்க் குடிகாரனின் வீட்டுக்கு ஓடினார். அவனும் இல்லை. பாதி குடித்த புட்டி நின்றது.

"கர்த்தாவே, போலைக்கூடவா எடுத்துக்கிட்டீர்!"

மிச்சம் ஒரே வீடுதான். இரண்டு வருஷமாக மிதிக்காத வாசலை மிதித்து உள்ளே போனார். ரேகினும் இல்லை. மேசைமேல் அவன் பொய்ப்பல் மட்டும் இருந்தது. பரலோகத்தில் புதுச் சரீரம், பொய்ப்பல் எதற்கு?

ஹால்கிரிம் அந்தப் பல்லை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஏன் என்று அவருக்கே தெரியாது. வெளியே வந்தபோது மூடுபனி விலகியது. குடா முழுக்கச் சிவப்பு. வெளிப்படுத்தல் பதினாறாம் அதிகாரத்தில் சொல்லியிருக்கிறபடியே கடல் ரத்தமாகியிருந்தது. அதற்குள் மார்பளவு நின்றுகொண்டு கறுத்த உருவங்கள் கொக்கியும் கத்தியுமாக வெட்டிக் கூச்சலிட்டுக்கொண்டிருந்தன.

கைவிடப்பட்டவன் சும்மா சாகக் கூடாது என்று தோன்றியது. ஆட்டுத்தடியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார். முதல் பிசாசின் மண்டை உடைந்தது. அடுத்ததன் தோள் இறங்கியது. மூன்றாவது திரும்பி, பல்லில்லாத வாயைத் திறந்தது. அந்த வாயில் 'ச' வரவில்லை.

"மத்தான்! என்னைப் போட்டு எதுக்கு அடிக்கிறீங்க? கயித்தப் புடிங்க!"

"ரேகின் வேஷம் போட்டா ஏமாந்துடுவேனா, பிசாசே? ரேகின் மேல போயாச்சு!"

தடி அதன் தாடையில் இறங்கியது. பிசாசு அவர் மூக்கை உடைத்தது. அப்போது ஒரு திமிங்கிலம் வாலை ஓங்கி அடித்தது. ஹால்கிரிம் படகுக்கொட்டகையின் கூரைமேல் போய் விழுந்து, உருண்டு, திரும்பவும் தண்ணீரிலேயே விழுந்தார். எழுந்து பார்த்தபோது, அந்த வால் திமிங்கிலத்துக்குரியது என்று புரிந்தது. திமிங்கிலம் இருந்தால், வேட்டை. வேட்டை என்றால், ஊர்.

ரேகினைக் காணவில்லை. கயிறு அவன் காலில் சுற்றித் திமிங்கிலம் ஆழத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தது. ஹால்கிரிம் முழுகினார். சிவப்பில் ஒன்றும் தெரியவில்லை, தடவித்தான் இடுப்புக்கத்தியால் கயிற்றை அறுத்தார். தலைமயிரைப் பிடித்து மேலே இழுத்தபோது ரேகினின் வாயிலிருந்து ரத்தம் வழிந்தது. அவர் முன்பு உடைத்த அதே இடத்தில். உலகத்து ரத்தத்துக்கெல்லாம் வசனம் சொன்னவருக்கு அந்த ரத்தத்துக்கு ஒரு வசனமும் வரவில்லை.

"என்ன விட்டுட்டு நீ மேல போயிட்டேன்னு நெனச்சேன்டா," என்றார், அழுதுகொண்டே.

"எங்க விடறது? ரெண்டு வருதமா நீங்கதான் என்ன விடாம புடித்துட்டிருக்கீங்க."

ஹால்கிரிம் பைக்குள்ளிருந்து பொய்ப்பல்லை எடுத்தார். அந்தச் சிவப்புத் தண்ணீரிலேயே அலசிக் கொடுத்தார்.

"மன்னிச்சிடு ரேகின்."

"மன்னித்துட்டேன்." பிறகு ரேகின் பல்லை மாட்டிக்கொண்டு, திருத்தமாக, "மன்னிச்சுட்டேன், மச்சான்," என்றான். சொல்லி முடித்ததும் அவர் கண்ணில் ஒரு குத்து விட்டான். "இது இன்னிக்கு அடிச்சதுக்கு."

அடுத்த ஞாயிறு, ஒரு கண் மூடி, மூக்கு வீங்கி, ஹால்கிரிம் எழுந்தார். சபை காப்பியை அவசரமாகக் குடித்துவைத்தது.

"இந்த வாரச் செய்தி ஒண்ணுதான், சகோதரரே. வேதபுத்தகத்தால நான் ஒருத்தன் பல்ல உடைச்சேன்."

உட்கார்ந்துவிட்டார். அப்பத்தட்டை அவரிடம் நீட்டியது ரேகின்தான்.

அந்த வருஷம் எங்கள் குடாவுக்குள் ஒரு திமிங்கிலம்கூட வரவில்லை என்று ஊர்ப் பதிவேடு சொல்கிறது. என் ஆடுகளை நான் இப்போது பாறைப் பக்கம் மேயவிடுவதில்லை.