ரோல்ஃப் வேண்டாமென்ற புதையல்

டிராகன் செத்து விழுந்ததும் மேரன் புதையலைப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கினாள். அமெரிக்காவின் டுலூத் நகரில், அவள் வீட்டுக் கீழ்த்தள அறையில் ஞாயிறு மதியங்களில் நடக்கும் ஆட்டம் அது. கதையை நடத்துவது மேரன். அதற்குள் வீரர்களாகி, பகடை உருட்டி உயிர் பிழைப்பது ஜோலீனும் ரோல்ஃபும். பொன்னை அள்ளி வீசிவிட்டுப் போகிற வழக்கம் மேரனுக்கு இல்லை. யாருக்கு எது வேண்டியிருக்கும் என்று பாத்திரம் கழுவும்போதுகூட யோசித்து, அந்தந்த ஆளுக்கென்றே ஒன்றை உருவாக்கி வைப்பாள். ஜோலீனுக்குப் பூட்டுகளோடு பேசும் மோதிரம். ரோல்ஃபுக்கு ஒரு கொம்பு. ஊதினால், தோழர்கள் எங்கிருந்தாலும் வந்து நிற்பார்கள். மனைவி இறந்த பிறகு பேச்சே குறைந்துபோனவனுக்காக அதைப் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள்.

"அத ஜோலீனுக்கே குடுத்துடு, மேரன். என் வாள், கவசம் எல்லாத்தையும் அவளே வச்சுக்கட்டும்," என்றான் ரோல்ஃப்.

ஜோலீன் சிரித்தாள். "ஏம்ப்பா, அடுத்த குகைக்குள்ள வெறுங்கையோடயா வருவ? கேட்டா கால்சட்டையையும் கழட்டிக் குடுத்துருவ போலிருக்கே!"

"எனக்கு இனிமே எதுவும் தேவப்படாது." ரோல்ஃபும் சிரித்தான். "நான் கெளம்பறேன்."

பல மாதங்களாகப் பார்க்காத, பாரமில்லாத சிரிப்பு. மேரன் கையிலிருந்த பகடையைக் கீழே வைத்தாள். போன வாரம்தான் தன் பகடைப் பையை அவள் கையில் திணித்திருந்தான். உயிராய் வளர்த்த நாயைத் தம்பி வீட்டில் விட்டுவிட்டதாகச் சொன்னான். மனம் தேறி வருகிறான் என்றல்லவா சந்தோஷப்பட்டாள்!

அவன் படியேறும் சத்தம் கேட்டது. அவனிடம் நேராகக் கேட்டுவிட்டால், இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ? கேட்காமல் விட்டு, அடுத்த ஞாயிறு அந்த நாற்காலி காலியாகக் கிடந்தால்? கோட்டைக்கூட எடுக்காமல் ஓடினாள். பனியில் அவன் டிரக் உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் தட்டினாள்.

"ரோல்ஃப், செத்துடலாம்னு இருக்கியா?"

அவன் சிரித்துவிட வேண்டும், தன்னைப் பைத்தியம் என்று திட்ட வேண்டும் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். அவன் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்," என்றான்.

பின்னாலேயே வந்திருந்த ஜோலீன் அதைக் கேட்டாள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள். "நகரு. நான் ஓட்டறேன். ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"ஆட்டம் பாதில நிக்குது..."

"நிக்கட்டும்."

அவன் மெல்ல நடுவில் நகர்ந்தான். மறுபக்கம் ஏறிய மேரன் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்களைத் தளர்த்தப் பயமாக இருந்தது. ஜோலீன் வண்டியைக் கிளப்பினாள். மூன்று பேரின் மூச்சில் முன்கண்ணாடி மங்கிக்கொண்டே வந்தது. ஜோலீன் புறங்கையால் துடைத்தாள். கொஞ்சம் சாலை தெரிந்தது, மறுபடி மங்கியது.